ஆபீஸ் டார்ச்சர்: எதுவரைக்கும் பொறுக்கணும்?

 

இந்தத் தைப்பூசத்துக்கு திருப்பூர்ல இருந்து பழனிக்கு நடந்து போனோம். குண்டடம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, ஆளாளுக்குக் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த நேரம். கூட நடந்து வந்த நண்பரின் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோயமுத்தூரில் ஒரு பெரிய கம்பெனியில் நாலு வருஷமா வேலை பார்க்கிற பொண்ணு.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஆபீஸ்ல ஒருத்தர் தினமும் நம்மள அசிங்கப்படுத்தறார்னு வைங்க. எதுவரைக்கும் பொறுக்கணும்?"

நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே நண்பர் குறுக்கே வந்துவிட்டார். "ஆறு மாசமா இதையேதான் கேக்கறா. வேலைன்னா நாலும் இருக்கத்தான் செய்யும், பொறுத்துப் போ கண்ணு, முருகன் பாத்துக்குவான்னு சொல்லிட்டேன். மனசு ஆற மாட்டேங்குது இவளுக்கு."

வழக்கமா இந்த மாதிரி கேள்விக்கு நான் உடனே ஏதாவது சொல்லிவிடுவேன். அன்றைக்கு வாய் வரவில்லை. ஏன்னா "முருகன் பாத்துக்குவான்" என்கிற அதே வார்த்தையை, இருபத்தஞ்சு வருஷத்துக்கும் முன்னால, அதே மாதிரி கேட்ட ஒரு மனுஷனிடம் நானும் சொல்லியிருக்கிறேன். அவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்தப் பொண்ணு விஷயம்.

அவளுடைய மேலதிகாரி ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசினதில்லையாம். கெட்ட வார்த்தை இல்லை. கை நீட்டினதில்லை. ஆனா மீட்டிங் இருக்கிற விஷயம் இவளுக்கு மட்டும் வந்து சேராது. போய் உட்கார்ந்தா, "அடடே, நீங்க வரலைன்னு நினைச்சோம்" என்று ஒரு சிரிப்பு. வெளிநாட்டு ஆட்களோடு பேசும்போது, "நம்ம மேடத்துக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு, மெதுவா பேசுங்க" என்று ஒரு ஜோக். எல்லாரும் சிரிப்பார்கள். இவள் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து செய்த வேலை, மறுநாள் வேறொருத்தர் பேரில் போகும். ஆறரை மணிக்கு ஒரு வேலை கொடுத்து காலையில் வேணும் என்பார். காலையில் கொண்டு போய்க் கொடுத்தால், "இது இப்ப தேவையில்லையே" என்பார். அப்புறம் கொஞ்ச நாளாக வேலையே கொடுப்பதில்லையாம். சும்மா உட்கார வைத்திருக்கிறார்.

"இதுல ஒவ்வொண்ணையும் தனியா எடுத்துச் சொன்னா, இதுக்குப் போயி அழுவியான்னு கேக்கறாங்க மாமா. எனக்கே சந்தேகமா இருக்கு. நான்தான் ஓவரா எடுத்துக்கறேனோ?"

இந்த சந்தேகம்தான் அன்பர்களே, நாம் கவனிக்க வேண்டிய முதல் அடையாளம். அடித்திருந்தால் காயம் இருக்கும், காட்டலாம். இங்கே காட்ட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சமாதானம் ரெடியாக இருக்கும்: மறந்துட்டேன், ஜோக்தானே, கம்பெனி பாலிசி, உன் நல்லதுக்குத்தான். நூறு சின்ன விஷயம் சேர்ந்து ஒரு ஆளை நொறுக்கியிருக்கும். ஆனா நூறில் ஒன்றைக்கூடத் தனியாக எடுத்து வைத்து நியாயம் கேட்க முடியாது.

அதற்காக மேலதிகாரி திட்டுவதெல்லாம் கொடுமை என்று சொல்ல மாட்டேன். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது தலைமைக் கணக்கராக இருந்தவர் மாதிரி ஒரு கோபக்காரரை அதற்குப் பின் நான் பார்த்ததில்லை. பேங்க் கணக்கும் நம்ம கணக்கும் ஒத்துப்போகாத ஒரு நாள், லெட்ஜரைத் தூக்கி என் மேசை மேல் போட்டார். மை பாட்டில் கவிழ்ந்து என் சட்டையெல்லாம் நீலம். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து அவரே டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, எந்த செக் இன்னும் பாஸ் ஆகாமல் நிற்கிறது, எது ரெண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அதன் பிறகு அந்தத் தப்பை நான் செய்ததில்லை. லெட்ஜரைத் தூக்கிப் போட்டது தப்புதான், அதை நியாயப்படுத்தவில்லை. ஆனா அவர் திட்டியது என் தப்பை. திட்டு முடிந்ததும் அடுத்து என்ன செய்யணும் என்று எனக்குத் தெரிந்தது.

டார்ச்சர் என்பதில் அந்த வழி இருக்காது. சீக்கிரம் முடித்தால் "அவசரக்குடுக்கை." நிதானமாகச் செய்தால் "மந்தம்." கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா." கேட்காமல் செய்தால் "யாரைக் கேட்டுச் செஞ்சே." எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். உங்களுக்கு நடப்பது கண்டிப்பா, கொடுமையா என்று சந்தேகம் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நான் என்ன செய்தால் இவர் திருப்தி அடைவார்? இதற்குப் பதில் இருந்தால் அது கண்டிப்பு. கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் விழுங்கலாம். பதிலே இல்லை என்றால் அவர் உங்கள் வேலையைத் திருத்த வரவில்லை.

இதை ஆராய்ச்சி பண்ணியே ஒருத்தர் எழுதி வைத்திருக்கிறார். ஹைன்ஸ் லேமன் என்று ஒரு உளவியலாளர், 1980-களில் ஸ்வீடன் நாட்டில் வேலை செய்யும் இடங்களை ஆராய்ந்தவர். இதற்கு அவர் வைத்த பேர் 'மாப்பிங்'. பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒன்றைத் துரத்துவதற்கு விலங்கியல்காரர்கள் சொல்லும் வார்த்தை அது. பகலில் ஆந்தை வெளியே வந்துவிட்டால் காக்கைகள் சேர்ந்து துரத்துமே, அது மாதிரி. 45 விதமான செயல்களை அவர் பட்டியல் போட்டார். அதெல்லாம் அஞ்சு வகைக்குள் அடங்கும். பேச விடாமல் பண்ணுவது, மற்றவர்களிடமிருந்து ஒதுக்கி வைப்பது, பேரைக் கெடுப்பது, வேலையைப் பிடுங்குவது அல்லது அர்த்தமில்லாத வேலை கொடுப்பது, உடம்பைக் கெடுப்பது. வாரத்துக்கு ஒரு தடவையாவது, குறைந்தது ஆறு மாசம் தொடர்ந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்றார். ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு எல்லை தேவைதான். ஆறு மாசம் ஆகட்டும் என்று நாம் காலண்டர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் அந்தப் பொண்ணு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். நாலாவது விரலோடு நிறுத்திக்கொண்டாள். அஞ்சாவது? "தூக்கம் வர்றதில்லை மாமா. ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா வயித்தப் பெரட்டுது." பக்கத்தில் இருந்த அப்பா அப்பத்தான் அதை முதல் தடவையா கேட்கிறார். மருந்து போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

இனி என் கதை.

1990-களின் கடைசி. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம், அது இப்போது இல்லை. அங்கே பேக்கிங் செக்‌ஷனில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். ஐம்பது தாண்டியவர். எல்லாரும் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். பாலி பேக்கில் பனியனை மடித்துப் போடுவதில் இருந்து, எந்தக் கார்ட்டனில் எந்த சைஸ் எத்தனை பீஸ் என்பது வரை அவருக்கு விரல் நுனியில் இருக்கும். புதுசாக ஒரு ஃபேக்டரி மேனேஜர் வந்தார். வந்த ரெண்டாவது மாசமே பெரியவரைக் குறிவைத்துவிட்டார். ஏன் என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஒரு ஷிப்மென்ட் விஷயத்தில் பெரியவர் எல்லார் முன்னாலும் "அப்படி இல்லீங்க சார்" என்று சொன்னார் என்பார்கள். அதுவாக இருக்கலாம்.

முதலில் பேர் போச்சு. "யோவ்" ஆனது. பேத்தி வயசுப் பிள்ளைகள் முன்னால் "யோவ், காது கேக்குதா?" என்பார். அப்புறம் நாற்காலி போச்சு. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் பெரியவருடைய நாற்காலியைக் காணோம். கேட்டதற்கு, சூப்பர்வைசர் உட்கார்ந்தால் வேலை நடக்காது என்று பதில். மற்ற சூப்பர்வைசர்கள் நாற்காலி அப்படியே இருந்தது. அப்புறம் வேலை போச்சு. எண்ணி மூட்டை கட்டி வைத்த பாலி பேக்கைப் பிரித்து மறுபடி எண்ணச் சொல்வார். எண்ணி முடித்தால் மறுபடியும். எங்கள் அக்கவுண்ட்ஸ் ரூமுக்குக் கண்ணாடித் தடுப்பு. நாங்கள் நாலு பேர், தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வவுச்சர் எழுதினோம்.

ஒரு நாள் டீக்கடையில் பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னும் எத்தன நாளைக்குத் தம்பி பொறுக்கறது?" என்றார். நான் ரொம்ப அக்கறையாகச் சொன்னேன், "விடுங்கண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. எல்லாம் முருகன் பாத்துக்குவான்."

அவர் சிரித்தார். கோபமே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார். "அவன் பாத்துக்குவான் தம்பி. நீங்களும் பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டார். கணக்கு முடித்தது நான்தான். அஞ்சு வருஷம் ஆக இன்னும் ஏழு மாசம் இருந்தது, அதனால் கிராஜுவிட்டி கிடையாது. பி.எப். பாரத்தில் வேலையை விட்ட காரணம் என்று ஒரு இடம் இருக்கும். அதில் 'சொந்தக் காரணம்' என்று என் கையால் எழுதினேன். சீல் வைத்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்கும் தெரியும். நாலு பேர் இருந்த ரூமில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் சொன்னது பக்தியா, பயமா? பல வருஷம் யோசித்திருக்கிறேன். பயம்தான். எனக்கு அப்போது சின்னக் குழந்தை, வாடகை வீடு. மேனேஜர் கண் என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்கிற பயம். அந்தப் பயத்துக்கு சாமி பேரை வைத்து ஒரு போர்வை போர்த்திவிட்டேன். பயப்பட்டதைக்கூட மன்னிக்கலாம். சாமி பேரைச் சொன்னதைத்தான் என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

பொறுமை பெரிய குணம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா யாருடைய பொறுமை என்று பார்க்கணும். எனக்கு ஒருத்தன் கெடுதல் பண்ணினால் அதைப் பொறுத்துக்கொள்வது என் உரிமை. நான் விரும்பினால் பொறுக்கலாம், மன்னிக்கலாம். அது என் சொத்து. அடுத்தவருக்கு நடப்பதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பெரியவர் பட்ட அவமானத்தை நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால், அது அவருடைய பையிலிருந்து எடுத்து நான் தர்மம் பண்ணின மாதிரி.

பாதிக்கப்பட்டவரின் பொறுமையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வேறு வழி இல்லாமல் சும்மா இருப்பதும் பொறுமையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். பதில் பேசத் திராணி இருந்து, பேசாமல் இருப்பவருக்குப் பொறுமை. பேசினால் சோறு போய்விடும் என்று இருப்பவருக்கு அது நெருக்கடி. நெருக்கடியில் இருப்பவரைப் பார்த்து "என்ன பொறுமை, என்ன பொறுமை" என்று பாராட்டுகிறோமே, அது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

திருக்குறளில் பொறையுடைமை 16-வது அதிகாரம். வீட்டில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே வள்ளுவர் பொருட்பாலில், ஆளுகிறவர்களுக்கு என்றே 57-வது அதிகாரம் எழுதியிருக்கிறார்: வெருவந்த செய்யாமை. கீழே இருப்பவர்கள் அஞ்சி நடுங்கும்படி நடந்துகொள்ளாதே என்பது அதன் பொருள். அடுத்த அதிகாரம் கண்ணோட்டம். எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கு? கீழே நிற்பவனுக்கு 16-ஐ ஓதுகிறோம். நாற்காலியில் இருப்பவனிடம் 57-ஐக் கொண்டுபோய்க் கொடுக்க யாரும் இல்லை.

பெரியவரை 'தானா போக வைத்த' மாதிரி ஒரு நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றே செய்திருக்கிறது. பிரான்ஸ் டெலிகாம். அரசாங்க டெலிபோன் இலாகாவாக இருந்து பிறகு தனியார் கைக்குப் போனது. 2006-ல் இருந்து மூணு வருஷத்தில் 22,000 பேரைக் குறைக்கணும் என்று திட்டம் போட்டார்கள். நிறையப் பேர் அரசு ஊழியர் அந்தஸ்தில் இருந்ததால் நேராக வீட்டுக்கு அனுப்ப முடியாது. என்ன செய்வது? அவர்களே போகிற மாதிரி பண்ணினார்கள். திடீர் திடீரென்று ஊர் மாற்றம், தெரியாத வேலை, வேலையே இல்லாமல் உட்கார வைப்பது. கோர்ட்டுக்கு வந்த வழக்கில் மட்டும் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் கோர்ட், முன்னாள் தலைவர் திதியே லோம்பார் உள்பட அதிகாரிகளையும் கம்பெனியையும் குற்றவாளி என்று தீர்ப்பு சொன்னது. கம்பெனிக்கு 75,000 யூரோ அபராதம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது டீ செலவு மாதிரிதான். ஆனாலும் 'தானாகப் போனார்கள்' என்பது பொய் என்று ஒரு கோர்ட் எழுதி வைத்தது. நான் அந்த பாரத்தில் எழுதாமல் விட்டது அது.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் வேறு இடத்தில் நான் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஆனேன். அங்கே ஒரு பையன், டேலியில் என்ட்ரி போட ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வான். அவனுக்கு 'பாசஞ்சர்' என்று பேர் வைத்தேன். "என்ன பாசஞ்சர், இன்னிக்கு எந்த ஸ்டேஷன்ல நிக்குது?" என்பேன். ஆபீசே சிரிக்கும். அவனும் சிரிப்பான். அதனால் அவனும் ரசிக்கிறான் என்றே நினைத்தேன். நாலு மாசம் ஓடியது. கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒரு நாள் என்னைத் தனியாகப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்க சார், அந்தத் தம்பி உங்க ரூமுக்கு வர்றதுக்கு முன்னாடி பாத்ரூம்ல போயி நின்னு மூஞ்சி கழுவிட்டுத்தான் வருது" என்றார். எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. கலாய்க்கிறது சகஜம்தான். ஆனா திருப்பிக் கலாய்க்க முடியாத ஆளைக் கலாய்த்தால் அதற்குப் பேர் வேறு. எல்லார் முன்னாலும்தானே பேர் வைத்தேன், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது குரல் நடுங்கியது. அந்த அம்மாவுக்கு இருந்த தைரியம் அன்றைக்கு எங்கள் நாலு பேரில் ஒருத்தருக்காவது இருந்திருக்கலாம்.

சரி, என்னதான் பண்றது என்று அந்தப் பொண்ணு கேட்டாள். தாராபுரம் வரை நடந்துகொண்டே பேசினோம்.

முதலில் ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லை, கையில் எழுதுகிற சொந்த நோட்டு. தேதி, நேரம், என்ன வார்த்தை சொன்னார், யார் யார் இருந்தார்கள். 'என்னை ரொம்பக் கேவலப்படுத்தினார்' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. 'செவ்வாய்க்கிழமை பதினொரு மணி மீட்டிங் பற்றி மற்ற ஆறு பேருக்கும் தகவல் போனது, எனக்கு வரவில்லை' என்று எழுதினால் அது கணக்கு. தனித்தனியாகச் சின்னதாகத் தெரிகிற விஷயம் எல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது கணக்கு எழுதின எனக்குத் தெரியும். இன்னொரு லாபம், "நான்தான் ஓவரா எடுத்துக்கறேனோ" என்கிற சந்தேகம் அதோடு போய்விடும். வாயால் சொல்கிற வேலைக்கு, "நீங்கள் சொன்னபடி இதை இன்னிக்கு முடிக்கிறேன்" என்று சாதாரணமாக ஒரு மெயில் போட்டுவிடணும். சண்டைத் தொனி வேண்டாம்.

அப்புறம் பேசணும். ஒரு தடவையாவது, அவரிடமே, தெளிவாக. சஷ்டிக்கு சஷ்டி நாம் கேட்கிற கதைதானே? தேவர்களைச் சிறை வைத்த சூரபத்மனிடமே முருகன் எடுத்த எடுப்பில் வேலை எடுக்கவில்லை. வீரபாகுவைத் தூது அனுப்பினான். சிறைப்பட்டவர்களைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. "எல்லார் முன்னாலயும் என் இங்கிலீஷைப் பத்திப் பேசறது எனக்கு வருத்தமா இருக்கு சார், தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று ரெண்டு வரி போதும். சில பேர் அதிலேயே திருந்திவிடுவார்கள். நான் பாசஞ்சர் விஷயத்தில் திருந்தவில்லையா? திருந்தாதவரும் இருப்பார். அப்போது, சொல்லியும் கேட்கவில்லை என்பது நோட்டில் ஏறும்.

ஹெச்.ஆரிடம் போகலாம், ஆனா ஒன்றை மறக்கக் கூடாது. ஹெச்.ஆர். கம்பெனியின் ஆள், நம்ம ஆள் இல்லை. அழுதுகொண்டு போகாமல் நோட்டோடு போகணும். சட்டம்? பாலியல் தொல்லை என்றால் 2013-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆகணும். அதற்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி அன்பர்களைப் பொதுமக்கள் பார்வையில் படுகிற இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. ஆனா இந்தப் பொண்ணுக்கு நடக்கிற மாதிரி பொதுவான டார்ச்சருக்கு என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஜப்பானில் 2020-ல் இருந்து பெரிய கம்பெனிகள் இதைத் தடுத்தே ஆகணும் என்று சட்டம் வந்துவிட்டது. தென் கொரியாவில் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. நமக்கு எப்போது வருமோ.

வேலையை விடுவது தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பு கெட ஆரம்பித்தால் போய்விடணும். ஆனா கோபத்தில் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. நோட்டீஸ் காலம் எத்தனை, ரிலீவிங் லெட்டர், பி.எப். நம்பர், கிராஜுவிட்டிக்கு இன்னும் எத்தனை மாசம், எல்லாம் பார்த்துவிட்டு, அடுத்த வேலை கையில் வந்த பிறகு கிளம்பணும். மனசு ரொம்ப இருட்டாகிப் போனால், செத்துப்போகலாம் என்கிற எண்ணம் எட்டிப் பார்த்தால்கூட, அந்த நிமிஷமே வீட்டில் சொல்லணும். 14416 என்று அரசாங்கத்தின் டெலி மானஸ் நம்பர் இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

எல்லாம் சொன்ன பிறகு, "உன் பக்கத்து சீட்டில் யார் கண்ணு?" என்று கேட்டேன். ஒரு பொண்ணு இருக்கிறாளாம். எல்லாவற்றையும் பார்க்கிறாளாம். லிஃப்டில் தனியாக இருக்கும்போது கையைப் பிடித்து, "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குடி, ஒண்ணும் மனசுல வெச்சுக்காத" என்பாளாம். எனக்கு அந்த டீக்கடை ஞாபகம் வந்துவிட்டது. "அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. சண்டை போட வேண்டாம், சாட்சி சொல்றியான்னு மட்டும் கேளு" என்றேன்.

நண்பர் அதுவரை எங்களுக்கு முன்னால் தனியாக நடந்துகொண்டிருந்தார். தாராபுரம் நெருங்கும்போது நின்று, மகள் தோளில் இருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "நானும் வேணா வந்து அந்தாள்கிட்டப் பேசட்டுமா?" என்றார். "வேண்டாம்பா, நானே பேசிக்கறேன்" என்றாள்.

போன வாரம் போன் பண்ணினாள். நோட்டில் இருபத்திமூணு பக்கம் ஆகிவிட்டதாம். மேலதிகாரியிடம் பேசினாளாம். அவர் சிரித்துவிட்டு, "நீங்க ரொம்ப சென்சிட்டிவ்" என்றாராம். அதையும் எழுதி வைத்திருக்கிறாள். வர்ற வியாழக்கிழமை ஹெச்.ஆர். கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்து சீட்டுப் பொண்ணு நானும் வர்றேன்னு சொல்லியிருக்கிறாளாம். கடைசி நேரத்தில் அவளுக்கு என்னென்ன பயம் வரும் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை ராத்திரி போன் பண்ணி, முடிந்தால் அந்தப் பொண்ணிடமும் ரெண்டு வார்த்தை பேசலாம் என்று இருக்கிறேன்.